அப்புக்காத்தர் வீட்டு அம்பிளிபயர்

தோழிகளே, நாங்கள் போடுகிற ஆண்டு மலருக்குச் சிறுவயது ஞாபகம் ஒன்று எழுதித் தா என்று கேட்டபோது இரண்டு கிழமை சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். நாலு பேர் கூடிய இடத்தில் தேத்தண்ணி கொடுக்கவே கூசுகிறவள் நான். படித்ததும் ஐந்தாம் வகுப்பு மட்டும். பிழை இருந்தால் திருத்திப் போடுங்கள். வயதைக் கேட்காதீர்கள். பலெர்மோவின் மாடிப்படிகளை இத்தனை வருடமாகத் துடைத்த எங்களுக்கு வயது முழங்காலில்தான் இருக்கிறது. என்னுடையதைக் கேட்டால் எழுபது என்று சொல்லும்.

நீங்கள் திருவிழாவையும் கடலையும் பற்றி எழுதிவிட்டீர்கள். என்னிடம் இருப்பது ஒரு பெட்டி. கிட்டார் வாசிக்கிறவர்கள் கிட்டாரைக் கொழுவிச் சத்தம் கூட்டுகிற அம்பிளிபயர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நான் இந்த ஊருக்கு வந்த முதல் வருடம், அதை எங்கள் அறையில் வைத்துச் செய்தோம். அது நல்லபடி பாடினால் நான் பள்ளிக்கூடம் போவதாக இருந்தது.

ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஒடுக்கமான ஒழுங்கையில் நிலத்தோடு ஒட்டிய அறை அது. கதவுதான் ஜன்னலும். கதவைச் சாத்தினால் பகலிலும் லைற் வேண்டும். தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். அப்பா எங்களுக்கு நாலு வருடம் முந்தி வந்தவர். அவருடைய பெர்மெஸ்ஸோ, இருக்கலாம் என்கிற அனுமதிக் கடதாசி, எப்போதும் சட்டைப் பைக்குள் பிளாஸ்டிக் உறையில் இருக்கும். அம்மாவுக்கும் எனக்கும் தம்பிக்கும் உரிய கடதாசிகள் பொலிஸ் கந்தோரில், அதுதான் குவெஸ்தூராவில், இன்னும் கிடந்தன.

எனக்குப் பதினொரு வயது. ஊரில் ஐந்தாம் வகுப்புச் சோதனை எழுதி, மறுமொழி வருமுன் வெளிக்கிட்டவள். தம்பிக்கு நாலு வயது. அம்மா காலை ஆறரைக்கு நடக்க முடியாத ஒரு கிழவியைக் கழுவித் துடைக்கப் போய்விடுவா. அப்பாவுக்குப் பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில் ஒரு வழக்கறிஞர் வீட்டில் வேலை. வழக்கறிஞரை இத்தாலியர் அவ்வொகாத்தோ என்பார்கள். எங்கள் ஊரில் அப்புக்காத்து என்போம். இரண்டும் ஒன்றுபோலவே இருந்ததில் அப்பாவுக்குப் பெரிய சந்தோசம். ‘எங்கடை அப்புக்காத்தர்’ என்றுதான் சொல்லுவார், ஏதோ சொந்தக்காரனைச் சொல்வதுபோல.

ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். எட்டரைக்கு மணி அடிக்கும். நீல மேற்சட்டையும் கழுத்தில் வெள்ளை நாடாவுமாகப் பிள்ளைகள் ஓடுவார்கள். நான் கதவைக் கால்வாசி திறந்து வைத்துக்கொண்டு, கடைசிப் பிள்ளை உள்ளே போகும்வரை பார்ப்பேன். பிறகு கதவைச் சாத்திவிட்டுத் தம்பிக்குப் பாலில் பாண் தோய்த்துக் கொடுப்பேன்.

அம்மா ஒருநாள் கேட்டா.

“இஞ்சாருங்கோ, பள்ளிக்கூடம் உதிலதானே கிடக்கு. நேரை போய்க் கேட்டா என்ன?”

“என்னெண்டு கேக்கிறது? போன உடனை பிள்ளையின்ரை பெர்மெஸ்ஸோ எங்கை எண்டு கேப்பான். பிறகு குவெஸ்தூராவுக்குப் போன் போகும். பள்ளிக்கூடம் எண்டா சும்மா போய் வாசல்லை நிக்கேலாதப்பா. ஒரு பெரிய கை வேணும்.”

அப்பா சொன்னது அவருக்குத் தெரிந்த நியாயம். ஊரில் அவர் லவுட்ஸ்பீக்கர் சேவை வைத்திருந்தவர். கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் குழாய் கட்டி, பல்ப் மாதிரிக் கண்ணாடி வால்வுகள் எரிகிற அம்பிளிபயரில் பாட்டுப் போடுகிறவர். என் மாமியின் மகனைப் பட்டணத்துப் பெரிய கல்லூரியில் சேர்த்தது அவர்தான். அந்தக் கல்லூரி அதிபரின் மகளுடைய கல்யாணத்துக்கு மூன்று நாள் சும்மா லவுட்ஸ்பீக்கர் கட்டிக் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. நாலாம் நாள் அதிபர் தானாகவே, “உமக்கு நான் என்ன செய்யவேணும்?” என்று கேட்டாராம். இந்தக் கதையை அப்பா எத்தனை தரம் சொல்லியிருப்பார்!

“அவராக் கேட்டவர். நான் வாய் திறக்கேல்லை. வாய் திறந்து கேட்டா அது பிச்சை. அவையாக் கேக்க வேணும்.”

அம்மா அரிசியைப் புடைத்தபடி முணுமுணுத்தா. “அவையள் கேக்கிறதுக்குள்ளை இவள் கிழவியாப் போயிடுவாள்.”

அந்தக் கார்த்திகையில் அப்பா தேடிய சந்தர்ப்பம் வந்தது. அப்புக்காத்தருக்கு ஒரே மகன். இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது இருக்கும். சட்டம் படிக்கிறேன் என்று பெயர்பண்ணிக்கொண்டு கிட்டார் வாசித்துத் திரிந்தவன். அவர்கள் வீட்டு நிலவறையில் போத்தல் அடுக்கப் போன அப்பா, மூலையில் கிடந்த பழைய வால்வு ரேடியோ ஒன்றைக் கண்டு, பின்பலகையைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். மகன் வந்து கேட்க, இது இன்ன வால்வு, இது இன்ன வேலை செய்யும் என்று கையாலும் வாயாலும் விளக்கியிருக்கிறார். அவ்வளவு நாளும் தரை துடைக்கிற மனிசன் என்றிருந்த அப்பாவை அவன் அன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தான்.

அவனிடம் ஏதோ சஞ்சிகையில் இருந்து போட்டோக் கொப்பி எடுத்த ஒரு படம் இருந்தது. நாற்பது வருடத்துக்கு முந்திய அமெரிக்க அம்பிளிபயர். அதேபோல ஒன்று வேண்டும், ஆனால் சத்தத்தைக் குறைத்தாலும் உறுமுவதற்கு இரண்டாவது வொலியூம் திருகு வேண்டும், காலால் மிதித்துச் சத்தத்தை மாற்றுகிற கால்பெட்டி கொழுவ வழி வேண்டும், கரண்ட் அடிக்காமல் எர்த் வயர் வேண்டும் என்றான். பழசும் வேண்டும், புதுசும் வேண்டும்.

அப்பா ரேடியோவைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். “காசு கதைச்சவர். வேண்டாமெண்டிட்டன்” என்று அம்மாவிடம் சொன்னார். முகம் அப்படிப் பிரகாசமாக இருந்தது. “பொறுத்துப் பாரும். வாற புரட்டாதிக்கு இவள் நீலச் சட்டை போடுவாள்.”

அப்பாவின் கைவிரல்கள் வெளுக்கிற மருந்தில் ஊறி ஊறி வெடித்துப்போயிருந்தன. மெல்லிய வயரைப் பிடிக்க முடியாது. அதோடு அவருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நேரம். நான் நாள் முழுக்க வீட்டில் இருந்தேன். வேலை என் தலையில் விழுந்தது இப்படித்தான். காலையில் போகுமுன் மக்கரோனிப் பெட்டி மட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் கீறி வைப்பார். “இந்த வயர் இஞ்சையிருந்து அங்கை. இதைத் தொடாதை. இதுக்கு மண்ணிறம் கறுப்பு மஞ்சள்.” அவ்வளவுதான். பின்னேரம் வந்து பிழை கண்டால் தலையில் குட்டு.

வெளியில் சொல்லக்கூடாது என்றும் கட்டளை. “பொம்பிளைப் பிள்ளை கரண்ட் வேலை செய்யிறாள் எண்டா சிரிப்பினம்.”

தம்பியை என்ன செய்வது? அம்மாவின் பழைய சேலையைக் கிழித்து அவன் இடுப்பில் ஒரு முனையும் கட்டில் காலில் மறுமுனையுமாகக் கட்டினேன். அவிழ்க்காதபடி முடிச்சை முதுகுப் பக்கம் போட்டேன். அவன் எட்டுகிற தூரத்துக்குள் பொம்மை லொறியை உருட்டுவான். என்னைப் பார்த்து, “அக்கா, நான் மாடோ?” என்று கேட்பான். “ஓம், நல்ல மாடு. அம்மா எண்டு கத்து” என்பேன். கத்துவான். இப்போது அவனுக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. இதெல்லாம் ஞாபகமில்லை என்கிறான். நல்லது.

சந்தையில் வாங்கிய, கேக் சுடுகிற அலுமினியத் தட்டைக் கவிழ்த்து, அப்பா அதில் துளை போட்டார். வால்வு இருக்கிற வட்டத்துளைகளை நான் அரத்தால் அராவினேன். அலுமினியத் தூள் நகத்துக்குள் போய்க் கறுத்துவிடும். அம்மா என் கையை எலுமிச்சம் பாதியால் தேய்ப்பா. ஈயம் உருகும்போது வருகிற பிசின் புகை கற்பூரம்போல முதலில் இனிக்கும், பிறகு தொண்டையில் கடிக்கும். ரெசிஸ்டர் என்கிற சின்னத் துண்டுகளில் நிற வளையம் இருக்கும். கறுப்பு சைபர், மண்ணிறம் ஒன்று, சிவப்பு இரண்டு. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு எண். அந்த வருடம் நான் செய்த கணக்கு அதுதான். யாரும் சரி போடவில்லை. பெட்டி எரியாமல் இருந்தால் சரி.

பயமானது கண்டென்சர். கரண்டை விழுங்கி வைத்திருக்கிற தகர உருளை. பிளக்கைக் கழற்றிய பிறகும் விடாது. அப்பா ஒரு வயரின் இரண்டு நுனியிலும் முதலைக் கிளிப் வைத்து, நடுவில் பெரிய ரெசிஸ்டர் ஒன்று போட்டுத் தந்திருந்தார். கரண்ட் வருகிற பகுதியை மட்டும் முதலில் செய்து ஓடவிட்டுப் பார்ப்போம். நிறுத்தினால், முதலில் அதைக் கொழுவி அறுபது வரை எண்ணவேண்டும். பிறகுதான் கை வைக்கலாம்.

ஒருநாள் அப்படி நிறுத்திவிட்டு எண்ணும்போது தம்பி காற்சட்டையிலேயே மூத்திரம் போய்விட்டான். அழுதான். நான் நாற்பதில் எண்ணுவதை விட்டு, அவசரத்தில் கழற்றிவிட்டுக் கை வைத்தேன். முழங்கையில் இரும்புக் கம்பியால் அடித்ததுபோல இருந்தது. சுவரோடு போய் விழுந்தேன். நாக்கைக் கடித்துவிட்டேன், வாய் நிறைய இரத்தம். தம்பி அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான். இரவு குழம்பு தொட்டுச் சாப்பிடாததைக் கண்டு அம்மா கேட்டா, பல்லு நோகுது என்றேன். சொன்னால் வேலையை நிறுத்திவிடுவார்கள். வேலை நின்றால் பள்ளிக்கூடமும் நின்றுவிடும். அன்றைக்கு எனக்கு அதுதான் பெரிய பயம்.

பங்குனியில் ஒரு ஞாயிறு முழுப் பெட்டிக்கும் முதன்முதலாகக் கரண்ட் கொடுத்தோம். அப்பா சுவர் பிளக்குக்கும் பெட்டிக்கும் இடையில் ஒரு நூறு வாட்ஸ் பல்ப் போட்டிருந்தார். பல்ப் பிரகாசமாகவே எரிந்தால் உள்ளே எங்கோ பிழை. மங்கினால் நல்லது. நாலு பேரும் அந்தப் பல்ப்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பளிச்சென்று எரிந்தது, பிறகு மெல்ல மெல்லச் சிவந்து மங்கியது. வால்வுகளுக்குள் செம்மஞ்சள் கம்பி தெரிந்தது. பல வருடத் தூசு சுடுகிற மணம் வந்தது. அம்மா தன்னை அறியாமல் கும்பிட்டா.

பரீட்சிக்க அந்த மகன் கொடுத்த கிட்டாரில் தந்தி இரண்டு அறுந்திருந்தது. அப்பா அதைக் கொழுவி, “தட்டு பிள்ளை” என்றார். தட்டினேன். உறுமல். தடித்த, கரகரத்த, விரலை எடுத்த பிறகும் நிற்காத உறுமல். தம்பி கட்டிலில் ஏறிக் குதித்தான். நான் திரும்பவும் தட்டினேன்.

அப்பாவின் முகம் சுருங்கியது. “உதென்ன, தொண்டை கட்டின எருமை மாதிரி. இதை என்னெண்டு ஒரு அப்புக்காத்தர் வீட்டிலை கொண்டுபோய் வைக்கிறது?”

“அப்பா, அவர் அழுக்குச் சத்தம்தான் வேணுமெண்டு கேட்டவர் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

“அவன் சின்னப் பெடியன், தெரியாமல் சொல்லுறான். நாள் முழுக்க அவையளின்ரை அழுக்கைத் துடைக்கிறன். எனக்குத் தெரியாதே அவைக்கு என்ன பிடிக்குமெண்டு? நீ ஈயத்தை ஒட்டு. சத்தத்தை நான் பாக்கிறன்.”

ஐயர் சொல்லுகிற மந்திரத்தில் ஒரு எழுத்தும் பிசகாமல் கேட்கவேண்டும் என்று இருபது வருடம் பாடுபட்ட மனிசன் அவர். கரகரப்பு அவருக்கு நோய். படத்தில் இல்லாத ஒரு நீல வயரை எடுத்து, ஸ்பீக்கருக்குப் போகிற இடத்தில் இருந்து திரும்ப முன்பக்கத்துக்கு ஒட்டச் சொன்னார். வெளியே போகிற சத்தத்தில் கொஞ்சத்தை உள்ளே திருப்பிவிட்டால் பெட்டி தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும். ஒட்டினேன். பிறகு தட்டினால் கண்ணாடிக் கிண்ணத்தில் கரண்டி பட்டதுபோலத் தெளிவாக இருந்தது.

அப்பா ஒரு மைக்கைக் கொழுவினார். தொண்டையைச் செருமினார். “அன்பார்ந்த பக்த கோடிகளே! எம்பெருமான் இன்னும் சற்று நேரத்தில் வீதி வலம் வர இருப்பதால், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுமாறு…”

சத்தம் ஒழுங்கை முழுக்கப் போய்ப் பள்ளிக்கூடச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. மேல்மாடி பல்கனியில் இருந்து ஒருத்தி கத்தினாள். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. இத்தாலியில் அம்மா அப்படிச் சிரித்ததை நான் பிறகு காணவில்லை. அப்பா மைக்கைக் கையில் வைத்தபடி நின்றார். ஊரில் சண்டை தொடங்கிய பிறகு தன் குரலை அவர் அப்படிக் கேட்டதில்லை. அந்த முகத்தைப் பார்த்து, நான் மேலே ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கவேண்டும்.

கோடை வந்தால் வசதியான குடும்பங்கள் மொண்டெல்லோவில் உள்ள கடற்கரை வீடுகளுக்குப் போய்விடுவார்கள். ஆனி மாதத்து ஞாயிறு ஒன்றில் பெட்டியை அங்கே கொண்டுவரச் சொன்னார்கள். தூக்க முடியாத பாரம். தண்ணீர்க் கான் ஏற்ற வைத்திருந்த பழைய பிள்ளை வண்டிலில் அதை இருத்தி, வெயில் படாமல் வெள்ளைத் துணி மூடி, அப்பாவும் நானும் பஸ் ஏறினோம். பஸ் முழுக்கக் குளிக்கப் போகிற சனம். பக்கத்தில் நின்ற ஒரு கிழவி குழந்தை தூங்குகிறது என்று நினைத்து, முகம் முழுக்கச் சிரிப்போடு துணியை விலக்கினாள். உள்ளே ஐந்து வால்வு. சிலுவை போட்டுக்கொண்டு அடுத்த தரிப்பிலேயே இறங்கிவிட்டாள். அப்பாவும் நானும் சிரித்தோம். பஸ்ஸில் வழிநெடுக நான் மனதுக்குள் ஒரு வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொலைக்காட்சி பார்த்துப் பழகிய இத்தாலியன் பாசை. ‘வொல்யோ அந்தாரே ஆ ஸ்குவோலா.’ நான் பள்ளிக்கூடம் போக விரும்புகிறேன். யாராவது என்னைக் கேட்டால் சொல்லலாம்.

வீட்டு முற்றத்தில் அப்புக்காத்தரும் அவர் மனைவியும் கதிரையில் இருந்தார்கள். மகனோடு சிநேகிதர் இரண்டு பேர். கிட்டாரைக் கொழுவி மகன் தட்டினான். தெளிவான சத்தம். திருகைக் கூட்டினான். சத்தம் கூடியது, தெளிவும் கூடியது. கடைசி வரை திருகினான். ஒரு சிநேகிதன் கைகளைக் கூப்பி முழங்காலில் நின்று மாதா கோயில் பூசை கேட்பதுபோல நடித்தான். மற்றவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“சுத்தம், சிஞ்ஞோரே! நல்ல சுத்தம்!” என்று அப்பா இத்தாலியனில் சொல்லிக்கொண்டே இருந்தார். மகனின் முகம் விழுந்துவிட்டது. அப்புக்காத்தர் மணிக்கூட்டைப் பார்த்தார். அப்பாவின் சட்டை முதுகில் ஒட்டத் தொடங்கியது. ஏழு மாதம் அந்த முற்றத்தில் கரைந்துபோவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மகன் எரிச்சலோடு கரண்டை நிறுத்தி, பின்பலகையைக் கழற்றி, என்ன இருக்கிறது என்று பார்க்கக் கையை உள்ளே கொண்டுபோனான்.

“தொடாதை!”

அது என் குரல். தமிழில்தான் வந்தது. எங்கள் அறைக்கு வெளியே மனிசர் கேட்கிற மாதிரி நான் பேசிய முதல் சொல். அவன் கை அந்தரத்தில் நின்றது. நான் சட்டைப் பையில் இருந்து கிளிப் வயரை எடுத்துக் கொழுவினேன். அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. தன் கையைத் திருப்பிப் பார்த்தான், முகம் வெளுத்தது. நான் எண்ணினேன். ஒண்டு, ரெண்டு, மூண்டு… அறுபது வரைக்கும், வாய்விட்டு. பிறகு அப்பா கொண்டுவந்த, வயர் வெட்டுகிற குறடு ஒன்றை எடுத்தேன்.

“என்னடி செய்யிறாய்? வெட்டாதை!” அப்பா பல்லுக்குள் சொன்னார்.

நீல வயரை வெட்டினேன்.

கரண்ட் போட்டு, வால்வு சூடேறும்வரை காத்திருந்து, மகன் தட்டினான். மேசையில் இருந்த கிளாசுகள் நடுங்கின. அந்த உறுமல்! ஒரு சிநேகிதன் கெட்ட வார்த்தை ஒன்றைச் சந்தோசமாகக் கத்தினான். மகன் புதிய திருகைக் குறைத்தான். சத்தம் குறைந்தது, உறுமல் போகவில்லை. “பிராவா! பிராவா!” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

அப்பா முன்னுக்கு வந்தார். சிரித்தபடி அவருக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னார்: பிள்ளை அந்த வயரைப் பிழையாகக் கொழுவிவிட்டது, சின்னப் பிள்ளைதானே, நான் கவனிக்கவில்லை, மன்னிக்கவேண்டும்.

எனக்கு அது அப்போது பெரிதாகப் படவில்லை. சொல்லட்டும் என்றிருந்தேன். ஏனென்றால் அப்புக்காத்தர் கதிரையை விட்டு எழுந்து என்னிடம் வந்துகொண்டிருந்தார். இதோ, அவராகக் கேட்கப் போகிறார்.

அவர் கேட்டார். என்னைப் பார்த்து, ஆனால் அப்பாவிடம். “கெட்டிக்காரி. எந்த வகுப்புப் படிக்கிறாள்?”

அப்பா தயங்கினார். இரண்டு விநாடி இருக்கும். அப்புக்காத்தர் விரலை ஆட்டிச் சிரித்தார். “பள்ளிக்கூடம் அனுப்பாமல் வீட்டில் வைத்திருக்கிறேன் என்று சொல்லாதே! பிறகு கரபினியேரி வந்து உன்னைத்தான் கொண்டுபோவார்கள்.”

அவர் பகிடி விட்டார். கரபினியேரி என்றால் இங்கே சந்தியில் நின்று கோப்பி குடிக்கிற சீருடைக்காரர். ஆனால் கொண்டுபோவது என்ற சொல் அப்பாவுக்குப் பகிடி இல்லை. ஊரில் அவருடைய தம்பியைக் கொண்டுபோனார்கள். அடுத்த வளவுப் பெடியனைக் கொண்டுபோனார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை. அப்பாவின் முகத்தில் இருந்து இரத்தம் இறங்கியதை நான் கண்டேன். கை தானாகச் சட்டைப் பையில் இருந்த பெர்மெஸ்ஸோவைத் தொட்டுப் பார்த்தது.

“இல்லை சிஞ்ஞோரே. அவளுக்குப் பதினைந்து. பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது.”

பதினாலு முடிந்தால் பள்ளிக்கூடம் கட்டாயமில்லை என்று வேலைசெய்கிற இடத்தில் யாரோ சொல்லிக் கேட்டு வைத்திருந்தார்.

“பதினைந்தா? உங்கள் ஆட்கள் எவ்வளவு சின்ன உருவம்!” என்று அப்புக்காத்தரின் மனைவி, சிஞ்ஞோரா, சிரித்தா. என் கைகளைப் பிடித்து விரல்களைத் திருப்பிப் பார்த்தா. “அப்படியென்றால் புரட்டாதி தொடக்கம் காலையில் என்னிடம் வரட்டும். உடுப்புகளுக்கு ஸ்திரி போட இப்படி ஒரு கைதான் தேடிக்கொண்டிருக்கிறேன்.”

வசனம் என் நாக்கு நுனியில் இருந்தது. வொல்யோ. ஒரு சொல் வெளியே வந்தால் மற்றவை வந்திருக்கும். மின்சாரத்துக்குக் கத்தத் தெரிந்த எனக்கு இதற்குக் கத்தத் தெரியவில்லை. நிலத்தைப் பார்த்தேன். அது பூப்போட்ட பழைய ஓடு. ஒரு ஓட்டில் மூலை உடைந்திருந்தது.

பஸ்ஸில் வெறும் வண்டில் எங்களுக்கு நடுவில் நின்றது. கனதூரம் போன பிறகு அப்பா சொன்னார்.

“நான் என்ன செய்யிறது பிள்ளை? கொண்டுபோவினம் எண்டு சொன்னவர்.”

“பகிடிக்குத்தானே சொன்னவர் அப்பா.”

“அப்புக்காத்துமார் சட்டத்திலை பகிடி விடாயினம். உனக்கொண்டும் தெரியாது.” பிறகு கொஞ்சம் பொறுத்து, “நல்ல இடம். நல்ல மனிசர். உனக்கும் வேலை வந்திட்டுது பார்” என்றார்.

வீட்டில் அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தா.

“பதினைஞ்சோ? அப்ப இவளை நான் கலியாணத்துக்கு முன்னமே பெத்தனானோ?”

அப்பா வாசலில் போய் நின்றார். அம்மா கரண்டியை எடுத்துச் சோறு போட்டா. அந்தப் புரட்டாதியில் எனக்கு ஒரு நீலச் சட்டை கிடைத்தது உண்மைதான். சிஞ்ஞோரா தந்தது, வேலை செய்யும்போது போடுவதற்கு. ஸ்திரி மேசை எட்டாதபடியால் வைன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதில் ஏறி நின்றேன். காலையில் அம்மா கிழவி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிற தம்பியை மத்தியானத்துக்குப் பிறகு நான் வாங்கிக்கொள்வேன்.

அப்புக்காத்தரின் மகன் ஒரு கோடை முழுக்க அந்த அம்பிளிபயரை வைத்து உறுமினான். பிறகு கடையில் புதிய ஜப்பான் பெட்டி ஒன்று வாங்கினான். எங்களுடையது நிலவறைக்குப் போனது. ஒருமுறை போத்தல் எடுக்கப் போனபோது பார்த்தேன். யாரோ வால்வுகளைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். அந்த வட்டத்துளைகள் மட்டும் இருந்தன. விளிம்பைத் தடவினேன். பிசிறு இல்லை, நன்றாகத்தான் அராவியிருக்கிறேன்.

அடுத்த வருடம் தம்பிக்கு ஆறு வயது. அதற்குள் அவனுடைய கடதாசி வந்திருக்கும் என்று நம்பியிருந்தோம். வரவில்லை. அப்பா மறுபடியும் பெரிய கை தேடவேண்டும் என்றார். அம்மா இம்முறை அவரைப் பார்க்கவேயில்லை. என்னிடம்தான் சொன்னா. “நாளைக்கு வேலைக்கு நேரம் பிந்திப் போ. இவனைக் கூட்டிக்கொண்டு போய் அந்த வாசல்லை நில். துரத்தினா வா.”

தம்பிக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரி, ஒழுங்கையின் முடிவுக்கு நடந்தோம். நூறு அடியும் இருக்காது. பள்ளிக்கூடக் கந்தோரில் கண்ணாடி போட்ட ஒரு பெண். அவனுடைய பெயரைக் கேட்டா. பிறந்த தேதியைக் கேட்டா. ஊசி போட்ட அட்டையைக் கேட்டா. நான் பெர்மெஸ்ஸோ இன்னும் வரவில்லை என்று சொல்லத் தொடங்க, கையை விசிறினா. அது வரும்போது வரட்டும், பிள்ளை திங்கட்கிழமை வகுப்பில் இருக்கவேண்டும் என்றா.

அவ்வளவுதான். தேத்தண்ணி ஒன்று ஆறுகிற நேரமும் ஆகவில்லை. கடதாசி இல்லாத பிள்ளைகள் வேறும் இருக்கிறார்களா என்று கேட்டேன். ஒவ்வொரு வருடமும் வருகிறார்கள், எல்லாரையும் சேர்ப்போம் என்றா.

பிறகு கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தா. “நீ? நீ எந்தப் பள்ளிக்கூடம்? உனக்கு என்ன வயது?”

எனக்குப் பதின்மூன்று. அந்த வசனம் இன்னும் எனக்குப் பாடம். இப்போது இத்தாலியனும் நன்றாக வரும். தம்பி என் சின்ன விரலைப் பிடித்துக்கொண்டிருந்தான். உண்மையைச் சொன்னால் அப்பா அப்புக்காத்தருக்குப் பொய் சொன்னது வெளியில் வரும், சின்னப் பிள்ளையை வேலைக்கு விட்டது வெளியில் வரும், அவரைக் கொண்டுபோவார்கள். அந்தப் பெண்ணின் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்று இன்றைக்குத் தெரிகிறது. சும்மா ஒரு பிள்ளையைப் பார்த்துக் கேட்கிற முகம்.

“பதினாறு” என்றேன்.

அவ என்னைத் தலை தொடக்கம் கால்வரை பார்த்தா. நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். வாசலில் அடுத்த தாய் இரண்டு பிள்ளைகளோடு நின்றாள். அவ கண்ணாடியை மேலே தள்ளி, தாளை என் பக்கம் திருப்பி, பேனையைத் தந்தா. அம்மா பிறகு வந்து கையெழுத்து வைக்கட்டும், இப்போதைக்கு நீ எழுது என்றா.

எழுதினேன். அந்தப் பள்ளிக்கூடத்தின் தாளில் என் பெயர் இருக்கிறது, தோழிகளே. பிள்ளையைக் கொண்டுவந்தவர் என்று போட்டிருந்த இடத்தில்.